முதலும் இலாபமும்: சில அடிப்படைச் சொற்கள்

2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பெங்களூரில் ஐ.எம்.ஏ. நிறுவனம் சரிந்தபோது, ‘ஹலாலான இலாபம்’ என நம்பித் தம் சேமிப்பை ஒப்படைத்திருந்த பல்லாயிரம் பேர் கைப்பொருளை இழந்து நின்றனர். இத்தகைய இழப்புகளுக்குப் பேராசை மட்டும் காரணமன்று; முதலீட்டுச் சொற்களின் பொருளை அறியாமையும் ஒரு காரணமாகும். எனவே அவற்றுள் சிலவற்றை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

கடன் என்பது கொடுத்த அளவே திரும்பப் பெறுதற்குரியது. அதற்கு மேல் நிபந்தனையிட்டுப் பெறுவது ‘ரிபா’ எனும் வட்டி. முதலீடு என்பதோ தொழிலில் பங்கேற்பதாகும். இலாபத்துடன் நட்டத்திற்கும் அதில் இடமுண்டு.

ஒருவர் முதலையும் மற்றவர் உழைப்பையும் தருவது ‘முளாரபா’. 1,00,000 ரூபாய் முதலில் 20,000 இலாபம் கிடைத்து, பேசிய விகிதம் 60:40 எனில், முதல் தந்தவருக்கு 12,000, உழைத்தவருக்கு 8,000. நட்டம் 20,000 எனில் முழுவதும் முதல் தந்தவரையே சாரும். மற்றவர் தம் உழைப்பை இழப்பார். உழைப்பவரின் கவனக்குறைவாலோ ஒப்பந்த மீறலாலோ விளைந்த நட்டத்திற்கு மட்டும் அவரே பொறுப்பாவார். இலாபத்தை விகிதமாகப் பேசாது, மாதம் இத்தனை ரூபாய் என நிர்ணயித்தால் முளாரபா செல்லாது.

இருவரும் முதலிட்டுக் கூட்டாகத் தொழில் புரிவது ‘முஷாரகா’. இதில் நட்டம் அவரவர் முதலின் அளவுப்படியே. இலாபத்தை வேறு விகிதத்திற் பேசிக்கொள்ள ஹனஃபி மத்ஹபு இடமளிக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில் அதுவும் முதலின் அளவுப்படியே.

‘முராபஹா’ முதலீடன்று, விற்பனை. அடக்கவிலையையும் தம் இலாபத்தையும் வெளிப்படையாகக் கூறி விற்பதே அது. விற்பவர் அப்பொருளை முன்னரே தம் உடைமையாக்கியிருத்தல் வேண்டும்.

‘சுகூக்’ என்பது சொத்தில் உரிமைப் பங்கைக் காட்டும் சான்றிதழ். முளாரபா, முஷாரகா வகைச் சுகூக்குகளை அவற்றின் முகமதிப்பிலேயே திரும்ப வாங்குவதாக நிர்வகிப்போர் முன்கூட்டி உறுதியளித்தல் கூடாதென, பஹ்ரைனைத் தலைமையிடமாகக் கொண்ட இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான கணக்கியல் அமைப்பு 2008இல் அறிவித்தது. அவ்வுறுதி நட்டத்திற்கான வாய்ப்பை நீக்கிப் பங்கைக் கடனாக்கிவிடும் என்பதே இதன் உட்பொருள்.

ஆகவே எத்திட்டத்தையும் நோக்கி நாம் முதலில் எழுப்ப வேண்டிய வினா ஒன்றே: நட்டம் நேர்ந்தால் அது யாரைச் சாரும்? முதலுக்கும் உத்தரவாதம், திங்கள்தோறும் நிலையான தொகை என்று விடை வருமாயின், சூட்டிய பெயர் அரபியாயினும் அது கடனே. மேல்வரும் தொகை வட்டியே. பெயரில் மயங்காது ஒப்பந்தத்தைப் படித்தறிவதே நம் பொருளுக்கும் மார்க்கத்திற்கும் பாதுகாப்பாகும்.