முதலில் போவது குத்து அல்ல

1994 நவம்பரில் லாஸ் வேகஸில் ஜார்ஜ் ஃபோர்மன் ஒன்பது சுற்று அடி வாங்கினார். பத்தாவதில் ஒரு வலதுகைக் குத்து. மைக்கேல் மூரர் மல்லாந்தார். 45 வயதில் ஹெவிவெயிட் பட்டம். 'இன்னும் ஒரு சண்டை' என்று கிளம்பும் மூத்த வீரர்கள் எல்லாருக்கும் இதுதான் சாட்சி.

குத்தின் பலம் சீக்கிரம் போவதில்லை. கால், இடுப்பு, உடல் எடை, பழக்கம் எல்லாம் சேர்ந்து பிறப்பது அது. தேய்வது வேகம். தசையில் சட்டென்று சுருங்கும் இழைகளே வயதாக ஆக அதிகம் மெலிகின்றன; கண் கண்டதற்கு உடம்பு பதில் சொல்லவும் தாமதமாகிறது. முன்பு தலையைச் சாய்த்துத் தப்பிய குத்து இப்போது தாடையில் இறங்கும்.

தாடையில் விழும் குத்து தலையைத் திருகுகிறது. மண்டையோடு முந்திவிட, மூளை பின்தங்குகிறது, நரம்பிழைகள் இழுபடுகின்றன. வயதில் மூளை சற்றே சுருங்குவதால் அதன் மேலுறைக்குச் செல்லும் சிரைகள் ஏற்கெனவே இழுபட்டிருக்கும். அவை அறுந்தால் ரத்தக்கசிவு.

முகமது அலிக்கு 1980இல் 38 வயது. லாரி ஹோம்ஸுடன் மோதும் முன் மேயோ கிளினிக்கில் சோதித்தார்கள். விரலால் மூக்கைத் தொடச் சொன்னால் லேசாகக் குறி தவறியது. ஒற்றைக்காலில் லாவகமாகத் துள்ள வரவில்லை. ஆனாலும் உரிமம் கிடைத்தது! பத்துச் சுற்றோடு பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ சண்டையை நிறுத்தினார். 1984இல் பார்க்கின்சன் என்றார்கள். குத்துகளால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது.

என்னைக் கேட்டால், வயதைவிட வாங்கிய அடிகளைத்தான் எண்ண வேண்டும். ஃபோர்மன் நடுவே பத்தாண்டு வளையத்துக்கே வரவில்லை. எண்ணுவதிலும் சிக்கல்: பயிற்சிக்கூடத்தில் விழும் அடிகளை யாரும் குறித்து வைப்பதில்லை.