ஆடிய ஆட்டம் யாருக்குச் சொந்தம்?



முன்னாளில் இருவர் பலகையின் முன் அமர்ந்து சதுரங்கம் ஆடிக் காய்களைப் பெட்டியில் இட்டுவிட்டால், வென்றவர் மகிழ்ச்சியும் தோற்றவர் வருத்தமும் அன்றி எஞ்சுவது வேறொன்றும் இல்லை. பெரும் போட்டிகளின் ஆட்டங்கள் மட்டுமே ஏட்டில் ஏறின. இன்றோ, தெரணியகலை மலைச்சாரலில் ஒரு தோட்டத்து மாணவன் தந்தையாரின் கைத்தொலைபேசியில் ஐந்து நிமிடத்தில் ஆடி முடிக்கும் ஆட்டமும் பதிவாகிவிடுகிறது. அந்த ஏட்டை எவரெவர் புரட்டலாம் என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம்.

இணையத்தில் சதுரங்கம் ஆடுவோர் பெரிதும் நாடும் தளங்கள் செஸ்.கொம், லிசெஸ் என்னும் இரண்டாகும். இவ்விரண்டிலும் ஓர் உறுப்பினரின் ஆட்டங்களை மற்றவர் திறந்து பார்க்கலாம். லிசெஸ் தளமோ, 2013 ஜனவரி தொடக்கம் தரப்புள்ளிக்காக ஆடப்பெற்ற ஆட்டங்களை மாதவாரியாகத் திரட்டி, எவரும் எப்பணிக்கும் எடுத்தாளும்படி வெளியிடுகிறது. ஆடியோரின் புனைபெயர், அவர்தம் தரப்புள்ளி, நாள், நேரம், ஒவ்வொரு நகர்வு, முடிவு ஆகிய யாவும் அதில் உள.

இவ்வாறு வெளியிடுதல் எதற்கு என்று கேட்கலாம். முதற் காரணம் கல்வி. பயிற்றுநர் இல்லாத ஊர்ச் சிறுவனும் தேர்ந்த ஆட்டக்காரரின் ஆட்டங்களைப் பார்த்துக் கற்கலாம். இரண்டாவது காரணம் நேர்மை. 2021 யூன் மாதத்தில், கோவிட் நிவாரண நிதிக்காக விசுவநாதன் ஆனந்த் பிரமுகர் பலருடன் இணையத்தில் ஆடினார். அவர்களுள் நிகில் காமத் என்னும் தொழிலதிபர், முன்னாள் உலக வாகையரான ஆனந்தையே வென்றார். ஆட்டம் எல்லார் கண்முன்னும் நடந்தபடியால் உடனே ஐயம் எழுந்தது. கணினியின் துணையைப் பெற்றதாக அவரே மறுநாள் ஒப்புக்கொண்டார். மூடிய அறையில் நடந்திருப்பின் உண்மை வெளிவந்திருக்குமா என்பது ஐயமே.

சட்டமும் ஏறத்தாழ இப்பக்கமே சாய்கிறது. 2016 நொவெம்பரில் நியூயோர்க்கில் கார்ல்சனும் கர்யாக்கினும் உலகப் பட்டத்துக்கு மோதியபோது, நகர்வுகளைப் பிற தளங்கள் உடனுக்குடன் வெளியிடுவதைத் தடுக்குமாறு போட்டி அமைப்பாளர் வழக்குத் தொடுத்தனர். நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. நகர்வு என்பது நிகழ்ந்த செய்தி. செய்தி தனியுடைமை ஆகாது.

ஆயின் ஆட்டம் பொதுவாயினும் ஆடுகிறவர் பொதுச்சொத்து அல்லர். நாளும் நேரமும் பதிவாகும்போது வாழ்க்கையின் ஒழுங்கும் உடன் பதிவாகிறது. பரீட்சைக்கு முதல்நாள் நள்ளிரவில் எவர் விழித்திருந்தார் என்பதை அந்த ஏடே சொல்லிவிடும். போட்டிக்குச் செல்லும் மாணவனின் பழகிய தொடக்க நகர்வுகளை எதிராளி முன்கூட்டியே கற்றும் வரலாம். இவையெல்லாம் சிறு தொல்லைகளே. பிள்ளை தன் முழுப்பெயரையும் பாடசாலைப் பெயரையும் பிறந்த ஆண்டையும் கோத்துப் புனைபெயராக வைத்துக்கொண்டால், முன்பின் அறியாதவர் கையில் அவனுடைய முகவரியையே கொடுத்ததாகும்.

புனைபெயரும் முழுத்திரை அன்று. ஒருவரின் நூறு ஆட்டங்களைக் கற்ற கணினி, பெயர் மறைத்த வேறு ஆட்டங்களைக் கண்டு, ஆயிரக்கணக்கானோரிடையே அவரை நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு என்ற அளவில் சரியாக இனங்கண்டதாக 2021 இல் ஆய்வாளர் அறிவித்தனர். கையெழுத்தைப் போலவே ஆட்டத்துக்கும் ஒரு சாயல் உண்டு போலும்!

ஆதலின் செய்யத்தக்கவை சில. புனைபெயரில் ஊரும் பள்ளியும் வயதும் வேண்டா. தன் புகைப்படமும் வேண்டா. லிசெஸ் தளத்தில் சிறுவர் முறை என்று ஒன்று உண்டு. அது அயலாருடன் உரையாடும் வழியை அடைக்கும், ஆட்டங்களை மறைக்காது. அத்தளத்தில் கணக்குத் திறவாமலே ஆடவும் இயலும். கணக்கைப் பின்னர் மூடலாம் என்று எண்ணி இருத்தல் ஆகாது; பிறர் முன்னரே படியெடுத்த ஏட்டைத் திரும்பப் பெறுவார் இல்லை.

சதுரங்கத்தில் தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும். இணையத்தில் எழுதும் பெயரும் அத்தகையதே. தொடுமுன் சிந்திக்கும் பழக்கத்தைப் பலகையில் கற்கும் பிள்ளைகள், பெயர் பதியும் இடத்திலும் அதனைக் கைக்கொள்வார்களாக. ஆட்டம் உலகுக்கு உரியதாகுக. ஆடும் பிள்ளை பெற்றோரின் காவலுக்குள் இருக்கட்டும்.