புளியங்கன்றும் பாலைவனக் குளிரும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸ் என்றொரு நகரம் இருக்கிறது. சோனோரன் பாலைவனத்துக்குள் அமைந்த ஊர். 2023 ஜூன் 30 தொடங்கி 31 நாள் தொடர்ந்து அங்கே பகல் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. மழையோ ஆண்டுக்குச் சுமார் 18 சென்டிமீட்டர்தான். சென்னையில் அதைப்போல ஏழு மடங்குக்கு மேல் பெய்கிறது.

அந்த ஊரிலும் வீட்டுத் தோட்டத்தில் புளி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு. கொட்டைக்குப் பஞ்சமில்லை. பக்கத்து நாடான மெக்சிகோவில் புளியில் சர்பத்தும் மிட்டாயும் செய்வார்கள். அதனால் ஓட்டோடு புளியம்பழம் ஃபீனிக்ஸ் கடைகளிலும் கிடைக்கும்.

அந்த வெயிலில் கன்று கருகிவிடாதா? தண்ணீர் ஊற்றி வளர்த்தால் பிழைத்துக்கொள்ளும். புளியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. வெயில் அதற்குப் பழக்கம். அதன் இலையைப் பாருங்கள். ஒரே காம்பில் பத்துப் பதினைந்து ஜோடி குட்டி இலைகள்! இலை சிறிதாக இருந்தால், சுற்றி ஓடும் காற்று அதன் சூட்டைச் சீக்கிரம் வாங்கிக்கொண்டு போய்விடும். அகலமான வாழை இலைக்கு இந்த வசதி இல்லை. வேரும் ஆழமாக இறங்கி ஈரம் தேடும். ஆனால் ஃபீனிக்ஸில் பல இடங்களில், கொஞ்சம் தோண்டியதுமே சுண்ணாம்பு இறுகிப் பாறையாகிப்போன அடுக்கு தட்டுப்படும். கடப்பாரையால் அதை உடைத்தால்தான் வேருக்கு வழி கிடைக்கும்.

சரி, கன்றுக்கு உண்மையான ஆபத்து எப்போது? டிசம்பர், ஜனவரி இரவுகளில்!

பாலைவனக் காற்றில் ஈரம் குறைவு, வானத்தில் மேகமும் குறைவு. பகலில் தரை வாங்கிய வெப்பத்தைத் தடுத்து நிறுத்த மேலே ஒன்றும் இல்லை. எனவே இரவில் அது விறுவிறுவென்று வெளியேறிவிடும். சில விடியற்காலைகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்கும் கீழே போகும். அப்போது இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து, செல்கள் சிதைந்துவிடும். வெயில் ஏறியதும் பார்த்தால் கொழுந்தெல்லாம் கறுத்துத் தொங்கும். வளர்ந்த மரம் சற்று நேரம் மைனஸ் 2 டிகிரி வரை தாங்கிவிடும். கன்றால் முடியாது.

இதற்குத் தோட்டக்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டிக் கன்றை நடுவார்கள். குளிர்காலத்தில் அங்கே சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகும். பகல் முழுக்க அந்தச் சுவர் வெயில் வாங்கும். இரவில் அந்தச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். கடுங்குளிர் வரும் என்று தெரிந்தால், பழைய போர்வையைத் தரை வரை தொங்கும்படி கன்றின்மேல் போர்த்துவார்கள். மண்ணின் சூடு உள்ளேயே தங்கும். சுவரின் உதவி, எனக்குத் தெரிந்து, எந்த உரத்தையும்விடப் பெரிது.

சுவர் அப்படிச் சூட்டைச் சேர்த்து வைக்குமா என்று சந்தேகமா? நன்றாக வெயில் அடித்த நாளில், இருட்டிய பிறகு உங்கள் வீட்டு மேற்குச் சுவரை வெளிப்பக்கம் தொட்டுப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் மரக்கதவையும் தொட்டுப் பாருங்கள். எது அதிகச் சூடு என்று எங்களுக்கு எழுதுங்கள்.