உயரத்துக்கு ஊசி போடும் முன் ரத்தத்தைப் பாருங்கள்

பிள்ளை உயரம் போதவில்லை என்று கவலைப்படும் பெற்றோர் பலர் முதலில் விசாரிப்பது வளர்ச்சி ஹார்மோன் ஊசியைத்தான். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ரத்தம்.

மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் இந்த ஹார்மோன், கல்லீரலைத் தூண்டி ஐ.ஜி.எஃப்-1 என்ற பொருளை உண்டாக்குகிறது. எலும்பு நீள்வதற்கும், மஜ்ஜையில் சிவப்பணுக்கள் பெருகுவதற்கும் அது துணை செய்கிறது. அதனால்தான் இந்த ஹார்மோன் குறைந்த குழந்தைகள் சிலருக்கு லேசான ரத்தசோகை இருக்கும். சிகிச்சை தொடங்கியபின் ஹீமோகுளோபின் ஏறுவதும் உண்டு. அதற்காகச் சோகைக்கே இந்த ஊசியைக் கேட்டுவிடாதீர்கள். இரும்புச்சத்து குறைந்தால் இரும்புச்சத்துதான் மருந்து.

தலசீமியா, சிறுநீரகக் கோளாறு, கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் ஆகியவை ரத்தத்தையும் குறைக்கும், வளர்ச்சியையும் தடுக்கும். ஃபான்கோனி அனீமியா என்ற பரம்பரை நோயில் முதலில் கண்ணில் படுவது உயரக்குறைவாகவே இருக்கலாம். சிலருக்குக் கட்டைவிரலில் குறையும் தோலில் பழுப்புத் திட்டும் இருக்கும். பின்னாளில் மஜ்ஜை செயலிழக்கும், ரத்தப் புற்றுநோய் அபாயமும் கூடும். இந்த நோயுள்ள குழந்தைக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடலாமா என்பதை ரத்தநோய் நிபுணரும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும். 1988இல் ஜப்பானில், ஊசி பெற்ற குழந்தைகள் சிலருக்கு ரத்தப் புற்றுநோய் வந்ததாகச் செய்தி வந்து உலகமே பதறியது. வேறு அபாயக் காரணம் இல்லாத குழந்தைகளுக்கு அப்படி அபாயம் கூடியதாகப் பிந்தைய ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் புற்றுநோய் உடம்பில் இருக்கும்போது ஊசி கூடவே கூடாது.

நாலைந்து வயதுக்கு மேல், பருவமடையும் முன், ஆண்டுக்கு 5 செ.மீ.கூட வளராத பிள்ளையைக் காட்டுங்கள். முழு ரத்த எண்ணிக்கை, தைராய்டு, சீலியாக் பரிசோதனை, இடது கை எக்ஸ்ரே இவை முதலில். இந்த ஹார்மோன் விட்டுவிட்டுச் சுரப்பது. ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்துக் குறைவு என்று தீர்மானிக்க முடியாது, தூண்டல் பரிசோதனை வேண்டும். அதைச் செய்யாமல் மாதாமாதம் பெருந்தொகை கேட்பவரிடம் காரணம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பணம் இல்லையே என்று ஒதுங்கவும் வேண்டாம். 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கையில், உறுதி செய்யப்பட்ட வளர்ச்சி ஹார்மோன் குறைபாடும் டர்னர் நோய்க்குறியும் இருக்கின்றன. மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கான பட்டியலில் ஃபான்கோனி அனீமியாவும் உண்டு. சிறப்பு மையத்தில் பதிவு செய்தால் 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கலாம். திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனை அப்படிப்பட்ட மையம். கேரள அரசு 2024இல் அரிய நோய்களுக்கென்று 'கேர்' திட்டத்தையும் தொடங்கியது.

உயரம் கூட்டும் என்று பொடியும் மாத்திரையும் விற்போரிடம் ஏமாறாதீர்கள். அப்படி மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மாய மருந்துச் சட்டம் தடுக்கிறது. முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு. விளம்பரத்தைப் படமெடுத்து, ரசீதோடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் கொடுங்கள். பணத்தைத் திரும்பப் பெற நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. சிகிச்சை ஆவணங்களை எழுதிக் கேட்டால் மருத்துவர் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும். பழைய ரத்த அறிக்கைகளையும் சேர்த்தே கேளுங்கள்.