அலைக்கு முந்திய இரண்டு மணி நேரம்

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை ஆறரை மணிக்குச் சற்று முன், சுமத்ராவை ஒட்டிய கடலடியில் 9.1 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. நாகப்பட்டினத்தை அலை தாக்கியபோது மணி ஒன்பதை நெருங்கியிருந்தது. தப்பிக்க இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தும் அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். எச்சரிக்கும் ஏற்பாடு எதுவும் அன்று இந்தியப் பெருங்கடலில் இல்லை.

மாணவர்களே, அந்த இரண்டு மணி நேரம் நமக்கு எப்படிக் கிடைக்கிறது?

பூமியின் மேற்புறம் பல தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது. நாம் நிற்கும் தரையும் வங்கக் கடலின் அடித்தளமும் இந்தியத் தட்டைச் சேர்ந்தவை. தட்டுகள் நெருப்புக் குழம்பில் மிதப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கீழே இருப்பதும் பாறைதான். கடும் வெப்பத்தால் இளகி மிக மெதுவாக நகரும் பாறை. இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. நகர்கிறது. வடக்கே அது மோதிய இடத்தில் இமயம் எழுந்தது. கிழக்கே, அந்தமான்-சுமத்ரா ஓரத்தில், பக்கத்துத் தட்டுக்கு அடியில் இறங்குகிறது. இறங்கும்போது சிக்கிக்கொண்டு, மேல்தட்டின் விளிம்பையும் சேர்த்துக் கீழே இழுக்கிறது. வளைத்துப் பிடித்த மூங்கிலைப் போல அந்த விளிம்பு நெடுங்காலம் இறுகிக் கிடந்து, பிடி விட்டதும் துள்ளி எழும். மேலிருக்கும் கடல்நீர் மொத்தமும் தூக்கப்படும். அதுவே சுனாமி.

அந்த ஓரம் தமிழகக் கரைக்குத் தொலைவில் இருப்பதால்தான் நமக்கு அவகாசம். அந்தமான், நிக்கோபார் மக்களுக்கு அது இல்லை. தரை அதிர்வதே அவர்களுக்கு எச்சரிக்கை.

2012 ஏப்ரல் 11 அன்று அதே வட்டாரத்தில் 8.6 அளவில் நடுக்கம். சென்னையிலும் அதிர்வு உணரப்பட்டது, எச்சரிக்கை வந்தது, பேரலை வரவில்லை. அன்று பாறைகள் பக்கவாட்டில் நழுவின. கடலடி பெரிதாக மேலெழவில்லை. முதல் சில நிமிடங்களில் இதை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே முதலில் எச்சரித்து, கடல்மட்டத்தை அளந்து பார்த்த பிறகு விலக்கிக்கொள்வதே சரியான முறை. ஒருமுறை அலை வரவில்லை என்பதற்காக அடுத்த எச்சரிக்கையை அலட்சியம் செய்யாதீர்கள்.

2007 முதல் ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் கடல்சார் தகவல் சேவை நிறுவனத்தின் மையம் சுனாமி எச்சரிக்கை தருகிறது. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005, நிவாரண முகாம்களில் தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவம், கழிப்பிட வசதிக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கச் சொல்கிறது. சாதி, மதம், பாலினம் பார்த்து நிவாரணம் வழங்குவதைத் தடுக்கிறது. 2004இல் தலித் மக்கள் முகாம்களில் ஒதுக்கப்பட்டதாகப் புகார்கள் எழுந்ததை எண்ணினால், இந்தப் பிரிவின் அவசியம் புரியும். பொய் எச்சரிக்கை பரப்பினால் ஓராண்டு வரை சிறை. வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே அனுப்பாதீர்கள்.

கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். மேட்டுக்கோ உறுதியான கான்கிரீட் கட்டடத்தின் மாடிக்கோ ஓடுங்கள். முதல் அலை வடிந்ததும் இறங்கிவிடக் கூடாது. அடுத்தது இன்னும் பெரிதாக வரலாம். மாவட்ட அவசர எண் 1077. கடலோர ஊர் என்றால், வெளியேறும் வழி எது, புகலிடம் எது என்று தலைமையாசிரியரிடமும் ஊராட்சியிலும் இந்த வாரமே கேளுங்கள்.