பழைய கட்டிலுக்குப் புது நார்

மழை குறைந்து வெயில் மிகுந்த பிரதேசம் என்பதே விருதுநகர்ச் சீமையின் முதல் லட்சணம். 1922-ஆம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பியபோது, மருந்தும் குச்சியும் காகிதமும் ஈரம் பிடிக்காமல் காய்வதற்குத் தோதாக இருந்தது அந்த வறட்சியே. பின்னர் பட்டாசுத் தொழில் சிவகாசியில் வேரூன்றியதற்கும் அதுவே உற்ற துணையாயிற்று. பனை செழித்து நிற்பதும் இதே பூமியில்தான். நெல்லும் வாழையும் வாடிப்போகும் கரிசல் காட்டிலும், கண்மாய்க் கரைகளிலும், யாரும் நீர் வார்க்காமலே நிமிர்ந்து நிற்கிற அந்த விருட்சம், ஓலைவெடிக்கு ஓலையும், கருப்பட்டிக்குப் பதனீரும், அந்தக் கருப்பட்டியைக் கட்டிக் கொடுக்க ஓலைப்பெட்டியும் தந்ததோடு நில்லாமல், இந்த ஊர் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகப் படுத்துறங்கிய கட்டிலுக்கு நாரும் தந்தது.

அந்த நார்க்கட்டில் வீட்டை விட்டு வெளியேறிய கதை நாம் கண்ணெதிரே கண்டதுதான். தவணை முறையில் கிடைக்கிற இரும்புக் குழாய்க் கட்டிலும், அதன்மேல் ஒரு பிளைவுட் பலகையும், பலகையின்மேல் ஒரு நுரை மெத்தையும், மூலையில் மரத்தூளை அழுத்திச் செய்த பலகையாலான துணி அலமாரியும் சேர்ந்துவிட்டால் புதுமணத் தம்பதியின் படுக்கையறை பூர்த்தியாகிவிடுகிறது. விலை குறைவு என்பதால் இவற்றை வாங்குகிறவர்களைக் குறை சொல்வதற்கில்லை. தீப்பெட்டி ஆபீசிலும் பட்டாசு ஆலையிலும் உழைத்துச் சம்பாதிக்கிற குடும்பம் தேக்குக் கட்டிலுக்கு எங்கே போகும்? ஆனால், பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் கூரையின் கீழ், காற்றுப் புகாத பலகையின்மேல், உடம்பின் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தருகிற மெத்தையில், சித்திரை மாதத்து இரவுகளை அந்தக் குடும்பம் எப்படிக் கழிக்கிறது என்பதை நினைத்தால் மனம் சங்கடப்படுகிறது. சில வருஷங்களில் பலகை நடுவில் குழிந்துவிடும். கட்டில் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும்.

அந்தக் கட்டிலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை என்பதே என் அபிப்பிராயம். குழிந்தது பலகைதானே தவிர, இரும்புச் சட்டம் பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும். பலகையைக் கழற்றிவிட்டு, துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு பூசி, அதன்மேல் ஒரு கை பெயின்டும் அடித்துக் காயவைத்தால், நார் பின்னுவதற்கு அந்தச் சட்டமே போதும். துரு மேலே வந்தால் நாரில் கறை ஏறும். உரசி உரசி அறுக்கவும் செய்யும். ஆகையால் இந்த ஒரு வேலையில் அவசரம் கூடாது.

பனைநார் எடுக்கும் விதத்தைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். வெட்டி இறக்கிய பச்சை மட்டையின் இரு ஓரத்திலும் ரம்பப் பல்லாக நிற்கும் கருக்கை முதலில் அரிவாளால் சீவிவிடுகிறார்கள். பிறகு அடிப்பக்கத்தில் கத்தி நுனியால் ஒரு கீறல் கொடுத்து, தோலைக் கையால் பற்றி இழுக்க, மட்டை நீளத்துக்கு ஒரே சீராக அது உரிந்து வருகிறது. உரித்த பட்டைகளை ஒரே அகலமாக வகிர்ந்து, வெயிலில் உலர்த்தி, கட்டுக் கட்டாக வைத்துக்கொள்கிறார்கள். பின்னும்போது மறுபடியும் தண்ணீரில் ஊறவைத்தாக வேண்டும். காய்ந்த நாரை இழுத்தால் முறியும். ஊறிய நாரோ சொன்னபடி வளைந்து, பின்னி முடித்துக் காய்ந்ததும் இறுகிக்கொள்ளும். மட்டையின் நீளம் கட்டிலின் நீளத்துக்குப் போதாதாகையால், ஒரு நாரோடு இன்னொரு நாரை முடிந்துகொண்டே போக வேண்டும். கெட்டிக்கார வேலைக்காரரின் கட்டிலில் அந்த முடிச்சுகள் எல்லாம் அடிப்புறத்தில் ஒளிந்துகொண்டிருக்கும். மேலே கையை ஓட்டிப் பார்த்தால் ஒன்றுகூடத் தட்டுப்படாது. நீளவாக்கில் இழுத்த நார்களின் ஊடே குறுக்கு நாரை இரண்டுக்கு மேல், இரண்டுக்குக் கீழ் என்று செலுத்திக்கொண்டு, வரிசைக்கு ஓர் இழை தள்ளிப் போட்டால், சாய்வரிகளும் கட்டங்களும் தாமாகவே எழுகின்றன. காற்று கீழிருந்து ஏறி முதுகின் வியர்வையை ஆற்றிவிடுகிறது. கோடையில் மேலே ஒரு பருத்தி விரிப்பு போதும்.

அலமாரியின் விஷயம் வேறு. மரத்தூள் பலகைக்குப் பின்னலின் இழுப்பைத் தாங்கும் சக்தி கிடையாது. ஆணியும் திருகும் கொஞ்ச நாளில் பொலபொலவென்று உதிர்ந்து வந்துவிடும். தண்ணீர் பட்டால் உப்பிப்போகும். ஆகவே அதன் கதவுகளுக்குக் கோரைப்பாயை ஒட்டுவதே உசிதம். வழுவழுப்பான மேல்பூச்சை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கிக்கொண்டு, மரப்பசை தடவி, பாயைப் பரப்பி, காயும்வரை கனம் ஏற்றி வைத்து, ஓரங்களில் மெல்லிய மரச் சட்டம் கொண்டு மூடிவிடலாம். பாயில் குறுக்கே ஓடுவது கோரை, நெடுக்கே ஓடிப் பிடித்துக்கொள்வது நூல். எனவே கத்தரிப்பதற்கு முன்பே வெட்டப்போகும் கோட்டின் நெடுகப் பசை தடவிக் காயவிட வேண்டும். மறந்தால் பாய் முழுதும் பிரிந்துவிடும். இதற்குச் சந்தையில் கிடைக்கும் சாதாரணப் பாயே தாராளம். தாமிரபரணியின் ஓடும் நீரில் ஊறவைத்த கோரையை மயிரிழைபோல் வகிர்ந்து நெய்கிற பத்தமடைப் பாய், 1953-ஆம் ஆண்டில் இரண்டாம் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்குக் காணிக்கையாகச் சென்ற கலைப்பொருள். அதைக் கத்தரிக்க யாருக்கும் மனம் வராது.

மலிவான சாமானுக்குப் பின்னல் அந்தஸ்தைக் கொடுத்ததற்கு உலகம் அறிந்த உதாரணங்களும் உண்டு. வியன்னாவின் மிகேல் தோனெத் 1859-இல் வெளியிட்ட 14-ஆம் எண் நாற்காலி, ஆறு மரத்துண்டுகளும் பத்துத் திருகுகளும் இரண்டு மரைகளும் கொண்ட எளிய வஸ்து. பிரம்பு பின்னிய இருக்கையே அதற்கு லகுவையும் அழகையும் தந்தது. சண்டிகருக்காக 1950-களில் பியர் ஜான்னரே வடிவமைத்த தேக்கும் பிரம்பும் கலந்த நாற்காலிகளை, நம் சர்க்கார் அலுவலகங்கள் உடைசல் என்று ஏலத்தில் கழித்துவிட, வெளிதேசத்தார் அவற்றைச் செப்பனிட்டுப் பல லட்சத்துக்கு விற்றார்கள். நம் வீட்டுக் கட்டிலின் தலைமாட்டிலும் இந்தப் பிரம்பு வலையைப் பதிக்கலாம். கெட்டி மரச்சட்டத்தில் காடி எடுத்து, ஊறிய வலையைக் காடிக்குள் அழுத்தி, பசையோடு ஒரு பிரம்புக் குச்சியை அடித்து இறக்கிவிட்டால், உலர உலர அது விறைத்துக்கொள்ளும்.

இவற்றில் குறைகள் இல்லாமல் இல்லை. பின்னலின் இடுக்குகள் மூட்டைப்பூச்சிக்குப் பிரியமான வாசஸ்தலம். அவ்வப்போது கட்டிலை வெளியே தூக்கிப் போட்டு வெயில் காட்டுவதே பரிகாரம், அந்த வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை. நாரும் கோரையும் நெருப்பைச் சட்டென்று பற்றிக்கொள்ளும் என்பதை இந்த ஊராருக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் கொசுவர்த்தியைக் கட்டிலுக்கு அடியில் வைக்கிற பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

நார் எடுப்பதால் மரத்துக்கு ஆபத்து இல்லை; மட்டை வெட்டுவதால் பனை சாவதில்லை. செங்கல் சூளைக்காக வேரோடு சாய்ப்பதுதான் அதற்குச் சாவு. அப்படிச் சாய்ப்பதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது நல்ல காரியம். பனையைவிட வேகமாகக் குறைந்து வருகிறவர்கள் நார் பின்னுகிறவர்கள். கிராமங்களில் மிஞ்சியிருப்பவர்கள் பெரும்பாலும் வயது முதிர்ந்தவர்கள். நாள் முழுதும் குனிந்து இழுத்துக் கட்டும் இந்த வேலைக்கு, ஆலைக்கூலிக்கு ஈடாகக்கூட வருமானம் இல்லாதபோது, பிள்ளைகளை அவர்கள் எப்படி இதில் இறக்குவார்கள்? உங்கள் வீட்டில் பலகை குழிந்த கட்டில் இருந்தால், பழைய இரும்புக் கடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் பக்கத்துக் கிராமத்தில் நார் பின்னுகிறவர் யாரேனும் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். பங்குனி பிறப்பதற்குள் வேலையை ஒப்படையுங்கள். அவர் கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள்.