எடை ஏறினால் பலம் ஏறுமா?

"டாக்டர், பையன் போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயார் பண்றான். ஆள் நோஞ்சானா இருக்கான். எடை ஏற ஒரு லேகியம் கொடுங்களேன்!"

"டாக்டர், பொண்ணு ஜூடோ ஆடுறா. மூணு கிலோ குறைச்சா கீழ்ப் பிரிவுல ஆடலாமாம். ஏதாவது கஷாயம் இருக்கா?"

அரவேணு பக்கம் இந்த இரண்டு கேள்வியும் அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் வேறு வேறு ஆட்கள். குழப்பம் மட்டும் ஒன்றுதான். எடை மெஷின் காட்டும் எண்ணைப் பலம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

சித்த மருத்துவம் உடம்பை ஏழு தாதுக்களாகப் பார்க்கிறது. அதில் ஊன் தனி, கொழுப்பு தனி. சுமையைத் தூக்குவது ஊன், அதாவது தசை. கொழுப்பு தேவைதான், ஆனால் அது எதையும் தூக்காது. மெஷினுக்கு இந்தப் பேதமெல்லாம் தெரியாது. தசை, கொழுப்பு, எலும்பு, காலையில் குடித்த காப்பி எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டிவிடும்!

நம் வேலூர் சதீஷ் சிவலிங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். ஒரே மூச்சில் தூக்கும் ஸ்னாட்ச் முறையில் 149 கிலோ. தோளில் ஏற்றி நிறுத்திப் பிறகு தலைக்கு மேல் தூக்கும் முறையில் 179 கிலோ. தன் உடம்பைப் போல இரண்டேகால் மடங்குக்கும் மேல்! 49 கிலோ பிரிவில் மீராபாய் சானு டோக்கியோ ஒலிம்பிக்ஸில் தூக்கிய 115 கிலோவும் அதே கணக்குதான். இருவரையும் கூட்டத்தில் பார்த்தால் 'பயில்வான்' என்று சொல்லமாட்டீர்கள். தசையும், அதை ஒரே நொடியில் வேலை வாங்கும் நரம்புப் பழக்கமும் வருஷக்கணக்கான பயிற்சியில் வருபவை. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தநாடு மந்தில் பண்டிகையன்று வட்டக்கல் தூக்கும் தோடர் இளைஞர்களும் குண்டானவர்கள் இல்லையே!

இப்போது எடை குறைக்கிற கதை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் மல்யுத்தத்தில் 50 கிலோ பிரிவில் வினேஷ் போகத் ஆடினார். அதற்கு முன் அவர் ஆடிவந்தது 53 கிலோவில். ஆகஸ்ட் 6-ம் தேதி காலை எடை சரியாக இருந்தது. அன்று மூன்று பேரை ஜெயித்தார். அதில் ஒருவர், அதுவரை சர்வதேசப் போட்டியில் தோற்றே அறியாத ஜப்பானின் யூய் சுசாகி. தெம்புக்காகக் கொஞ்சம் சாப்பிட்டு, தண்ணீர் குடித்ததில் எடை ஏறிவிட்டது. இரவு முழுக்க உடற்பயிற்சி, நீராவி அறை. முடியைக்கூட வெட்டினார்கள். மறுநாள் காலை 100 கிராம் அதிகம்! தகுதி இழந்தார். உடம்பில் நீர் வற்றியதற்குச் சிகிச்சையும் எடுக்க வேண்டியதாயிற்று.

ஒரே ராத்திரியில் குறைவது கொழுப்பு அல்ல, தண்ணீர். நீர் வற்றினால் ரத்தத்தின் அளவு குறையும். இதயம் படபடவென்று அடித்து ஈடுகட்டப் பார்க்கும். உடம்புச் சூடு வெளியேறாது. 1997-ன் கடைசி இரண்டு மாதங்களில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடை குறைக்கப் போய் உயிரையே விட்டார்கள். நம் மலையில் இன்னொரு வில்லங்கம் உண்டு. குளிரில் தாகம் தெரியாது. நாலு மைல் மேடேறி ஓடிவிட்டு ஒரு டீயோடு நிறுத்திக்கொள்கிற பிள்ளைகள் எத்தனை பேர்! 50 கிலோ ஆள் ஒரு கிலோ நீரை இழந்தாலே ஓட்டம் மந்தமாகிவிடும்.

பெண் குழந்தைகள் விஷயத்தில் அம்மாக்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். பட்டினி போட்டுப் பயிற்சி செய்தால் மாதவிலக்கு தள்ளிப்போகும், நின்றும்போகும். "விளையாடுற பொண்ணு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். உள்ளே எலும்பு மெலிந்துகொண்டிருக்கும். மூன்று மாதம் வராவிட்டால் கட்டாயம் டாக்டரைப் பாருங்கள். என்னைக் கேட்டால், வளர்கிற பெண்ணை அவள் எடைக்கு உரிய பிரிவிலேயே ஆட விடுவேன்.

சரி, நோஞ்சான் பையனுக்கு? பயிற்சி செய்பவருக்கு எடையில் கிலோவுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை கிராம் வரை புரதம் தேவை. 50 கிலோ பையனுக்கு சுமார் 62 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம், ஒரு டம்ளர் பாலில் ஆறேழு கிராம், ஒரு கைப்பிடி கொண்டைக்கடலையில் பத்து கிராம். படுகர் வீட்டு அவரைக் குழம்பும் ராகிக் களியும் இருக்கிற ஊரில் டப்பா பவுடருக்கு எதற்கு ஆயிரக்கணக்கில் செலவு? இதோடு தண்டால், பஸ்கி, கயிறு ஏறுதல். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். தசை வளர்வது ஓய்வில்தான்.

லேகியத்துக்கு வருவோம். அமுக்கரா தசை வலுவுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும், பயிற்சியோடு சேர்ந்தால் மட்டும். கல்லீரல், தைராய்டு கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் தொடக்கூடாது. ஆனால் லேபிள் இல்லாமல், "பத்தே நாளில் ஐந்து கிலோ" என்று விற்கிறார்களே, அதைக் கண்டால் ஓடிவிடுங்கள். என் துறையின் பெயரைச் சொல்லி விற்கும் இப்படிப்பட்ட சரக்கில் ஸ்டீராய்டு கலப்பது உண்டு. முகம் பூரிப்பது ஆரோக்கியத்தால் அல்ல, நீர் கோத்துக்கொள்வதால். சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். ஊக்கமருந்துச் சோதனையில் "எனக்குத் தெரியாமல் கலந்துட்டாங்க" என்று சொல்லி எளிதில் தப்பிக்க முடியாது. ஆண்டுக்கணக்கில் தடை வரலாம்.

பல வாரமாக அப்படி ஒன்றைச் சாப்பிட்டு வருகிறவர்கள் பயந்துபோய் சட்டென்று நிறுத்திவிட வேண்டாம். அதுவே மயக்கத்தில் கொண்டுபோய் விடும். மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள்.